எல்லா வண்டிக்கும் ஒரே ஆயில்

எசென்கூல் தலைவராக வந்த பிறகு எங்கள் கராஜ் சங்கத்தில் எந்த வேலையும் சும்மா நடந்ததில்லை. கதவுக்குப் பெயின்ட் அடித்தால் திறப்பு விழா. பனியை வாரிக் கொட்டினால் நன்றியுரை. குப்பைத் தொட்டி மாற்றிய அன்று ஒரு ஆட்டையே வெட்டினோம். அதனால், சங்கத்தின் பின்பக்கம் கிடந்த பழைய கான்கிரீட் மேடைக்கு அவர் சிவப்பு நாடா கட்டியபோது யாரும் வியக்கவில்லை. நாடாவுக்குப் பின்னால் சங்கிலியும் பூட்டும் தொங்கியதைக் கைதட்டி முடித்த பிறகுதான் பார்த்தோம்.

மேடை என்று சொல்கிறேனே தவிர, அது இரண்டு சரிவுச் சுவர்கள்தான். வண்டியின் சக்கரங்களை அவற்றின் மேல் ஏற்றி நிறுத்திவிட்டு, நடுவில் போய் நின்றால் என்ஜினின் வயிறு தலைக்கு மேலே இருக்கும். ஆயில் மாற்றலாம், சைலன்சர் பார்க்கலாம், வீட்டிலிருந்து தேடி வருகிறவர்கள் கண்ணில் படாமல் ஒரு மணி நேரம் ஒளியலாம். சங்கம் தொடங்கிய காலத்தில் உறுப்பினர்களே கூடிக் கட்டியது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. முன்னால் நிற்கிறவனுக்கு ஒரு சிகரெட் நீட்டினால் வரிசையில் இடம் விட்டுவிடுவான்.

எனக்கு வண்டி கிடையாது. சங்க வளாகத்தில் ஆளுக்கொரு கராஜ் உண்டு, என்னுடையதில் உருளைக்கிழங்கும் ஊறுகாய்ச் சாடிகளும்தான். எங்கள் ஊர் கராகோலில் பாதிப் பேர் கராஜில் அவைதான் இருக்கின்றன. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மேடைக்குப் போய், அடுத்தவன் ஊற்றும் ஆயிலைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிட்டு வருவேன். சந்தா கட்டுகிறேன் அல்லவா.

திறப்பு விழாவில் மேடைக்குப் பக்கத்திலிருந்த கண்ணாடி அலமாரி நிறையத் தங்க நிறக் கேன்கள். "அல்த்தின் லூக்ஸ்" என்று பெயர். கீழ்த்தட்டில் தங்க நிறப் பெட்டிகளில் ஃபில்டர். அலமாரிக்கு மேலே சட்டம் போட்ட சான்றிதழ். அதில் மூன்று முத்திரைகள், மூன்றும் ஒரே அச்சில் குத்தியவை மாதிரி ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. எங்களில் மூத்தவர் கைகளை ஏந்தி, இந்த ஆயில் ஊற்றிய வண்டிக்கு வழி நேராகட்டும், போலீஸ்காரர் கண் வேறு பக்கம் திரும்பட்டும் என்று ஆசி சொன்னார். "ஓமின்" என்று ஆசியை ஏற்று எல்லாரும் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டோம். ஆயில் கேனுக்கு ஆசி வழங்கிய முதல் சங்கம் நாங்களாகத்தான் இருப்போம்.

எசென்கூல் மைக்கைப் பிடித்தார். அவர் முன்பு பண்பாட்டு மன்றத்தின் இயக்குநராக இருந்தவர். என்ஜினைவிட மைக்கோடு நெருங்கிய பழக்கம். நாங்கள் முப்பது பேர் நின்றோம், மைக் இல்லாமலே கேட்டிருக்கும்.

"இனிமே யாரும் பஜாருக்குப் போயி ஏமாற வேண்டாம். ஒரே சங்கம், ஒரே மேடை, ஒரே ஆயில். லாடாவுக்கும் இதுதான், ஜப்பான் வண்டிக்கும் இதுதான், லாரிக்கும் இதுதான்!"

"டிராக்டருக்கு, எசெகே?" என்றான் தொலொன். மரியாதைக்குப் பெயரைச் சுருக்கி அப்படித்தான் எல்லாரும் அவரைக் கூப்பிடுவோம்.

"டிராக்டருக்கும்!"

"தையல் மிஷினுக்கு?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

அது ஷார்கான் அக்கா. எங்கள் சங்கத்தில் வண்டி ஓட்டுகிற ஒரே பெண். ஐம்பதைத் தாண்டியவள். ஏழு பேர் உட்காரும் பழைய ஜப்பான் வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் விடிகாலையில் கராகோலிலிருந்து தலைநகர் பிஷ்கெக்குக்கு ஆள் ஏற்றிப் போகிறாள். வீட்டில் அடுப்பு எரிவதும் மகன் படிப்பதும் அந்த வண்டி காலையில் கிளம்புவதைப் பொறுத்தது. எங்கள் ஊர் ஜனவரியில் தெருவில் நிறுத்திய வண்டி கிளம்பாது. கராஜில் நிறுத்தியதுகூட, உள்ளே இருக்கும் ஆயில் மனது வைத்தால்தான் கிளம்பும்.

"கேள்வி நேரம் கடைசியில தங்கச்சி," என்றார் எசென்கூல்.

"கடைசியில சாப்பாடுல்ல இருக்கு? நான் இப்பவே கேட்டுடறேன். இது என்ன நம்பர் ஆயில்?"

"பத்து–நாற்பது. பக்கா நம்பர்."

"என் வண்டி புஸ்தகத்துல அஞ்சு–முப்பதுன்னு போட்டிருக்கு. முன்னாடி நம்பர் குளிருக்கு. குளிர்ல லேசா ஓடணும். நீங்க குடுக்கறது கெட்டி."

"கெட்டியா இருந்தா நல்லதுதானே? பத்து பெருசா, அஞ்சு பெருசா?"

கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

"உங்க ஜீப்புக்கு இதைத்தான் ஊத்துறீங்களா, எசெகே?"

"என் வண்டி வேற வகை. அதைத் தலைநகரத்துல கொண்டுபோய்க் குடுத்துடறேன்." அதை ஒரு தியாகம் போலச் சொன்னார். பிறகு மூச்சு விடாமல் எங்கள் சங்கத்தின் வழக்கப்படி தொடர்ந்தார்: "மேடைச் சாவி வேணும்னா ஆயிலும் ஃபில்டரும் சங்கத்துலதான் வாங்கணும். யார் ஆதரவு? யார் எதிர்ப்பு? யார் நடுநிலை? ஒருமனதாக நிறைவேறியது."

நாங்கள் கையைத் தூக்கியிருந்தோம். எப்போதும் தூக்குவோம். "யார்" என்ற சொல் காதில் விழுந்ததுமே எங்கள் தோள்பட்டை தானாக வேலை செய்யும். அதோடு, நவம்பரில் அவர் மகள் கல்யாணம். அழைப்பிதழ் இன்னும் எழுதி முடிக்கவில்லை.

"நான் எதிர்ப்பு," என்றாள் ஷார்கான்.

"ஒருமனதாகன்னு சொல்லியாச்சே, தங்கச்சி."

"அந்த ஒரு மனசு யாரோடது?"

மைக் அணைந்துவிட்டது. வறுத்த போர்சோக் ரொட்டியின் வாசனை எழுந்தது. நாங்கள் கொள்கையை விட்டு மேசையை நோக்கி நகர்ந்தோம்.

*

அடுத்த ஞாயிறு ஷார்கான் ஒரு கம்பளிச் சால்வையில் இரண்டு ஜாம் பாட்டில்களைச் சுற்றிக்கொண்டு வந்தாள். ஒன்றில் பஜாரில் வாங்கிய ஐந்து–முப்பது. இன்னொன்றில், தொலொன் வாங்கியிருந்த அல்த்தின் லூக்ஸில் கொஞ்சம். இரண்டையும் வீட்டு ஃப்ரீசரில் குதிரைக்கறிக்குப் பக்கத்தில் முழு இரவு வைத்திருக்கிறாள். பூட்டிய மேடைக்கு முன்னால் நாங்கள் கூடினோம். எசென்கூலும் வந்தார்.

முதல் பாட்டிலைக் கவிழ்த்தாள். ஆயில் மெதுவாக, ஆனால் மறுப்பில்லாமல் மூடியை நோக்கி வழிந்தது. இரண்டாவதைக் கவிழ்த்தாள். அது அசையவில்லை. அடியிலேயே ஒட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கியது. தொலொன் பாட்டிலைத் தட்டிப் பார்த்தான். குலுங்கியது, ஆனால் இடத்தை விடவில்லை.

"ஆட்டுக்கால் சூப்பு ஆறுன மாதிரி இருக்கே," என்றார் வித்தாலி. பழைய மஸ்க்விச் கார் வைத்திருக்கும் ரஷ்யர். சங்கத்தில் யாரையும் பகைத்துக்கொள்ளாத ஒரே ஆள்.

"காலையில நான் சாவியைத் திருப்பறப்ப, பம்பு இதைத்தான் இழுக்கணும்," என்றாள் ஷார்கான். "அது இழுக்கிறதுக்குள்ள உள்ள இரும்பும் இரும்பும் காய்ஞ்சு உரசிக்கும். எனக்குப் பெரிய படிப்பெல்லாம் இல்ல. கண்ணு இருக்கு, அவ்வளவுதான்."

எசென்கூல் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் உயர்த்தினார். சான்றிதழை வழங்கப் போகிறவர் போல நின்றார்.

"பாருங்க," என்றார். "இதுதான் பிடிப்பு."

"என்ன?"

"பிடிப்பு. அந்த ஆயிலைப் பாருங்க, கவுத்ததும் ஓடிருச்சு. நம்பலாமா அதை? இது பாருங்க, தலைகீழா நிறுத்தினாலும் எடத்தை விடல. கஷ்டத்துல கூட நிக்கிற ஆயில் இது."

நான் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். தொலொன் மெதுவாகத் தலையாட்டினான். பக்கத்தில் இருந்தவரும் ஆட்டினார். ஏற்கெனவே வாங்கிவிட்ட ஆயிலைப் பற்றி நல்லதாக ஒரு சொல் கிடைத்தால் மனிதன் விடமாட்டான். நானும் ஆட்டினேன். எனக்கு என்ன, என் உருளைக்கிழங்குக்கு ஆயில் தேவையில்லை.

"ஆடுங்க, ஆடுங்க," என்றாள் ஷார்கான் எங்களைப் பார்த்து. "ஜனவரியில வண்டி ஆடாது. அப்ப நீங்களே ஆடிக்கிட்டு நடந்து போவீங்க."

மறுநாள் கேட்டில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. சங்க எல்லைக்குள் வெளி ஆயில் மாற்றுகிறவர் தம் கராஜை இழப்பார். வரும் ஞாயிறு, நகராட்சியிலிருந்து வரும் விருந்தினர் முன்னிலையில், இது நடைமுறைக்கு வரும். பெயர் போடவில்லை. ஆனால் வெளி ஆயில் மாற்றுகிறவர் யார் என்று தெரியாதவர் எவரும் எங்கள் சங்கத்தில் இல்லை.

*

சனிக்கிழமை நான் கராஜ் கதவுக்கு ஒரு கீல் வாங்க வண்டிச்சாமான் பஜாருக்குப் போனேன். ஷார்கான் அக்கா ஒரு கடை முன்னால் நின்று, ஆயில் கேனை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரிஜினல், அக்கா," என்றான் கடைக்காரன். துங்கான் இனத்துப் பையன், பெயர் மன்சூர். வாயில் நூடுல்ஸ்.

"டூப்ளிகேட் விக்கிறவன் என்ன சொல்லுவான்?"

"அவனும் அதான் சொல்லுவான். ஆனா அவன் முகத்தைப் பாருங்க, என் முகத்தைப் பாருங்க."

"முகத்தை என்ஜின்ல ஊத்த முடியாது." மூடியின் வளையத்தை விரலால் தடவினாள். அடியில் அச்சடித்த தேதியை உரசிப் பார்த்தாள், அழியவில்லை. கேனை ஒருமுறை சாய்த்து, அடியில் கசடு இருக்கிறதா என்று பார்த்தாள். பக்கத்துக் கடையில் இருந்த அதே கம்பெனிக் கேனை வாங்கி வந்து, இரண்டின் மூடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அதற்குப் பிறகே "சரி" என்றாள். "இப்ப ஃபில்டர் காட்டு."

மன்சூர் இரண்டு எடுத்து வைத்தான். ஒன்று பளபளவென்ற பெட்டியில், மேலே ஓடும் சிறுத்தைப் படம். இன்னொன்று மங்கலான மஞ்சள் அட்டையில், படமே இல்லாமல்.

"சிறுத்தை நல்லா போகுது," என்றான்.

"சிறுத்தை ஆயில் வடிகட்டுமா?" அட்டையைப் பிரித்து இரண்டையும் கவிழ்த்தாள். "தம்பி, நீயும் இங்க வா," என்று என்னைக் கூப்பிட்டாள். "நீதான் ஞாயித்துக்கிழமை நிபுணர் ஆச்சே. எதை எடுக்கலாம் சொல்லு."

நான் கையில் வாங்கிப் பார்த்தேன். சிறுத்தை கனமாக இருந்தது. கனமானதுதான் நல்லது என்றேன்.

"தகரம் தடியா இருந்தா கனமா இருக்கும். உள்ள பாரு." வளையமாக இருந்த ஓட்டைகளுக்குள் சுண்டு விரலை விட்டாள். "இங்க ஒரு ரப்பர் நாக்கு இருக்கணும். என்ஜினை நிறுத்தினப்புறம் ஆயில் கீழ இறங்காம அதுதான் பிடிச்சு வைக்கும். காலையில ஸ்டார்ட் பண்ணதும் ஆயில் அங்கேயே ரெடியா இருக்கும். சிறுத்தைக்கு நாக்கு கல்லு மாதிரி இருக்கு, மடங்கவே மடங்காது. குளிர்ல விறைச்சுப் போகும். இதைத் தொடு."

மஞ்சள் அட்டையில் வந்ததன் ரப்பர் விரலுக்கு மெத்தென்று இருந்தது. உள்ளே காகித மடிப்புகள் நெருக்கமாக, ஒழுங்காக இருந்தன.

"அக்கா, நாளைக்கு விருந்தாளி எல்லாம் வர்றாங்க," என்றேன். "அடுத்த வாரம் வேற எங்கயாவது போயி மாத்திக்கக் கூடாதா? கராஜ் போனா என்ன பண்ணுவே?"

"போனா வண்டி தெருவுல நிக்கும். ஜனவரியில கிளம்பாது. பையன் படிப்பு நிக்கும். எல்லாம் தெரியும்டா." மன்சூரிடம் சோம் நோட்டுகளை நீட்டினாள். "ஆனா ஒளிஞ்சு மாத்தினா, நான் தப்பு பண்றேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். என் வண்டி, என் ஆயில், என் கை. எங்க மாத்தணும்னு மட்டும் யோசிச்சிட்டேன்."

"எங்க?"

"ஞாயித்துக்கிழமை வந்து கருத்துச் சொல்லு."

*

எங்கள் சங்கத்தின் மதிலை ஒட்டி, தெருவோரமாக ஒரு கான்கிரீட் வாய்க்கால் போகிறது. ஊரிலுள்ள எல்லாத் தெருவுக்கும் அது உண்டு. கோடையில் தோட்டங்களுக்குத் தண்ணீர் பாயும். அக்டோபரில் காய்ந்த இலைகள் மட்டும் கிடக்கும். ஒரு ஆள் தாராளமாகப் படுக்கிற அகலம், உட்கார்ந்தால் தலை வெளியே தெரியாத ஆழம்.

ஞாயிறு காலை, மேசை விரிப்பும் மைக்கும் தயாராகி, நகராட்சி விருந்தினர் கேட்டுக்கு வந்து சேர்ந்த நேரத்தில், ஷார்கானின் வண்டி வாய்க்காலின் இரு கரையிலும் இரண்டிரண்டு சக்கரங்களை வைத்து நின்றுகொண்டிருந்தது. சக்கரங்களுக்கு அடியில் கல் முட்டு. வண்டிக்குக் கீழிருந்து ஒரு ஜோடி ரப்பர் காலணிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. கீழே வைத்த பேசினில் கறுப்பு ஆயில் இறங்கும் சத்தம் கேட்டது.

எசென்கூல் விருந்தினரின் முழங்கையைப் பிடித்து வேறு பக்கம் திருப்பப் பார்த்தார். விருந்தினர் திரும்பவில்லை. அவர் நல்ல மனிதர். வாய்க்காலில் கால்கள் தெரிந்தால் யாராக இருந்தாலும் பார்ப்பார்கள்.

"ஷார்கான் தங்கச்சி!" எசென்கூல் காலணிகளைப் பார்த்துப் பேசினார். "வெளியில வா."

"வர முடியாது எசெகே," என்றன காலணிகள். "போல்ட்டைக் கழட்டிட்டேன்."

"இது சங்க எல்லை!"

"மதிலுக்கு அந்தப் பக்கம் சங்கம். இந்தப் பக்கம் தெரு. நடுவுல இருக்கறது வாய்க்கால். வாய்க்கா, தண்ணி திறந்துவிடற ஆளோடது."

"இது சங்கத்தோட முகப்பு! முகப்பும் எல்லையில சேர்த்தி!"

"அப்ப எதிர்ல தெரியற மலையும் உங்க எல்லையா?"

யாரோ இருமினார்கள். சிரிப்பைத்தான் அப்படி இருமினார்கள் என்று நினைக்கிறேன்.

"தண்ணியைத் திறந்துவிடச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. ஜூலை மாசம் அவர் மருமகன் தோட்டத்துக்கே அந்த ஆள் தண்ணி திறக்கல. உங்களுக்காக அக்டோபர்ல திறக்கிறாரான்னு பாப்போம்."

"வண்டியை உடனே எடு!"

"ஆயில் இல்லாம எப்படி எடுக்கறது? நாலு பேரை விட்டுத் தள்ளச் சொல்லுங்க. என் மேலேயே ஏத்திடுவாங்க, பரவாயில்லையா?"

ஒரு தலைவர் காலணிகளோடு வாதாடித் தோற்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் மைக்கை எடுத்துவரச் சொன்னார். அது வருவதற்குள் வண்டிக்கு அடியில் முனகல் கேட்டது. பிறகு உலோகம் வழுக்கும் சத்தம். பிறகு, எங்கள் மொழியில் இருக்கும் வசவுகளில் மிகச் சுருக்கமானது.

"யாருடா அங்க? தொலொன் இருக்கியா?"

"இருக்கேன்க்கா," என்றான் தொலொன், எசென்கூலை ஓரக்கண்ணால் பார்த்தபடி.

"கோடையில எனக்கு மணிக்கட்டு சுளுக்குனப்ப இந்த ஃபில்டரை நீதானே முடுக்கின?"

"ஆமாங்க்கா."

"ஃபில்டர்னு நெனச்சியா, எதிரி கழுத்துன்னு நெனச்சியா? கையால இறுக்கினாப் போதும்னு சொன்னேனே! அசைய மாட்டேங்குது. இதை மாத்தாம புது ஆயில் ஊத்தினா பழைய அழுக்கு வழியாத்தான் அது போகும். ஒரு பெல்ட்டு குடுங்கடா யாராவது. சுத்திப் பிடிச்சுத் திருப்பறேன்."

வாய்க்காலோரம் பதினைந்து ஆண்கள் நின்றோம். எல்லாருக்கும் இடுப்பில் பெல்ட். ஒருவரும் அசையவில்லை. எசென்கூல் எங்கள் ஒவ்வொருவரின் இடுப்பையும் பார்த்தார். இடுப்பு இவ்வளவு முக்கியமான உறுப்பு என்று அன்றுதான் தெரிந்தது.

தொலொன் பளுதூக்கும் ஆள். வெட்கப்படும்போது அவன் கழுத்து முழுவதும் சிவக்கும். சிவந்தது. பெல்ட்டை உருவி வாய்க்காலுக்குள் நீட்டினான்.

"தொலொன்!" என்றார் எசென்கூல்.

"நான் முடுக்கினது எசெகே," என்றான் அவன், ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு. "நான்தானே அவிழ்க்கணும்."

கீழே இழுபறி. "பட்" என்றது. பெல்ட் இரண்டு துண்டாக வெளியே வந்து விழுந்தது.

"தோலா இது? அட்டைடா! அடுத்தது குடு!"

வித்தாலி பெருமூச்சு விட்டார். யாரையும் பகைத்துக்கொள்ளாத மனிதர், அவளையும் பகைத்துக்கொள்ளக்கூடாது அல்லவா? அவர் பெல்ட் ராணுவ காலத்துப் பெல்ட், அறுபடவில்லை. ஆனால் ஆயிலில் நனைந்து வழுக்கியது. "இதை வச்சுக்கறேன். இன்னொண்ணு வேணும், இதுமேல முறுக்கணும்." என் பக்கத்தில் நின்றவன் கொடுத்தான். அது குட்டை. "தம்பி! உருளைக்கிழங்கு! நீ அங்கதான் நிக்கிறேன்னு தெரியும். கருத்தெல்லாம் வேண்டாம், பெல்ட்டைக் குடு."

கொடுத்தேன். தைரியம் என்று சொல்லமாட்டேன். என்னைப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் ஒருவேளை ஒளிந்திருப்பேன். உருளைக்கிழங்கு என்று விருந்தினர் முன்னால் கூப்பிட்ட பிறகு, பேச்சு வளராமல் இருந்தால் போதும் என்று ஆகிவிட்டது. என் பேன்ட் என் அண்ணனுடையது, எனக்கு இரண்டு சுற்று பெரியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அதற்குள் மைக் வந்துவிட்டது.

"மதிப்புக்குரிய விருந்தினரே, உறுப்பினர்களே," என்று தொடங்கினார் எசென்கூல். குரல் தெருக்கோடி வரை போனது. "சங்க எல்லைக்குள் வெளி ஆயில் மாற்றி, சங்கத்தின் முகப்பை அவமதித்த உறுப்பினர் ஷார்கானின் கராஜைத் திரும்பப் பெற வேண்டும் என்ற தீர்மானத்தை இப்போதே வாக்குக்கு விடுகிறேன்."

வண்டிக்கு அடியில் சத்தம் நின்றது. காலணிகள் அசையவில்லை. அவள் அங்கே, தலைக்கு மேல் ஆயில் இல்லாத என்ஜினோடு, இறுகிப்போன ஃபில்டரைக் கட்டிப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்து கெஞ்சுவாள் என்றுதான் எசென்கூல் காத்திருந்தார். இரண்டு விநாடி காத்தார். காலணிகள் கான்கிரீட்டில் குதிகாலை ஊன்றிக்கொண்டன. பெல்ட்டுகளின் முறுக்குச் சத்தம் மறுபடி தொடங்கியது.

"யார் ஆதரவு?" என்றார்.

என் தோள்பட்டை வழக்கம்போல வேலை செய்ய எழுந்தது. ஆனால் கை பேன்ட்டில் இருந்தது. பேன்ட்டை விட்டால் நகராட்சியின் முன்னிலையில் என் நிலை என்னவாகும் என்று யோசித்தேன். கையை எடுக்கவில்லை. தொலொனைப் பார்த்தேன். அவன் இரண்டு கையாலும் இடுப்பை இறுக்கிப் பிடித்து நின்றான். வித்தாலி அப்படியே. குட்டை பெல்ட்காரனும் அப்படியே.

"யார் ஆதரவு?" எசென்கூலுக்கு இதை இரண்டாம் முறை கேட்டுப் பழக்கமில்லை. குரல் கொஞ்சம் பிசகியது.

அப்போதுதான் அதைக் கண்டேன். எனக்கு எதிரே நின்ற பேக்கரிக்காரர், இடுப்பில் தடிமனான பெல்ட் கட்டியவர், மெல்ல இரண்டு கையாலும் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் பக்கத்திலிருந்தவரும் பிடித்துக்கொண்டார். பிறகு அடுத்தவர். கொஞ்ச நேரத்தில் வாய்க்காலோரம் பதினைந்து ஆண்களும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல், எதிரில் இருந்த மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதில் பதினொரு பேருடைய பேன்ட் தானாகவே நின்றிருக்கும்.

"என்ன இது?" என்றார் எசென்கூல்.

"பேன்ட்டு விழுது எசெகே," என்றார் பேக்கரிக்காரர்.

"உன் பெல்ட் இருக்கே!"

"நம்பிக்கை இல்லைங்க. இப்ப எதுலயும் பிடிப்பு இல்ல."

இருமல் தொற்றிக்கொண்டது. விருந்தினர்கூடக் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார்.

"அப்ப யார் எதிர்ப்பு?"

அதற்கும் ஒருவரும் கையைத் தூக்கவில்லை. அந்த அளவுக்கு நாங்கள் வீரர்கள் இல்லை. கல்யாண அழைப்பிதழ் இன்னும் வரவில்லை.

"யார் நடுநிலை?" என்று கேட்டார். அதற்கும் பதினைந்து ஜோடி கைகள் இடுப்பிலேயே இருந்தன. எசென்கூல் மைக்கைப் பிடித்தபடி நின்றார். "ஒருமனதாக" என்ற சொல் வாய் வரை வந்துவிட்டது தெரிந்தது. எதற்கு ஒருமனதாக என்றுதான் தெரியவில்லை.

வண்டிக்கு அடியில் "கிரிச்" என்று ஒரு சத்தம். பிறகு, "வந்துட்டான்!" என்று ஒரு கத்தல். பழைய ஃபில்டர் உருண்டு வெளியே வந்தது. கறுத்து, நசுங்கி, பெல்ட் தடங்களோடு.

அதற்குப் பிறகு அவள் எங்களைப் பற்றிக் கவலைப்படவில்லை. புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் ஆயில் தடவினாள். அது தெரிய வேண்டும் என்றே கையை வெளியே நீட்டித் தடவினாள் என்று எனக்குச் சந்தேகம். கையாலேயே இறுக்கினாள். "பாத்துக்கோ தொலொன், இவ்வளவுதான்," என்றாள். போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு முடுக்கினாள். பிறகு முழங்கை வரை கறுப்போடு வாய்க்காலிலிருந்து ஏறி வந்தாள். தலைத்துணியில் காய்ந்த இலை ஒட்டியிருந்தது. விருந்தினரைப் பார்த்து மரியாதையாகத் தலை குனிந்தாள். கை குலுக்கவில்லை, அவருக்கு நல்லதுதான். பானெட்டைத் திறந்து, புனல் வைத்து, ஐந்து–முப்பதை ஊற்றினாள். தேன் நிறத்தில், வெயிலில் மெல்லிய நூலாக இறங்கியது.

"இது எந்தக் கடை?" என்று கேட்டார் விருந்தினர்.

"வண்டிச்சாமான் பஜார்ல மன்சூர் கடை. கேனை அவன் முகத்தை நம்பி வாங்காதீங்க. மூடியைத் தடவிப் பாருங்க."

என்ஜினைக் கிளப்பினாள். முதலில் கடகடவென்று இரண்டு விநாடி. பிறகு ஃபில்டர் நிறைந்து சத்தம் அடங்கியது. கீழே குனிந்து சொட்டுகிறதா என்று பார்த்தாள். சொட்டவில்லை. அணைத்துவிட்டுக் கொஞ்சம் காத்திருந்து, அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, எசென்கூலின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"அளவு சரியா இருக்கான்னு பாருங்க எசெகே. நீங்க தலைவர்."

அவர் பார்த்தார். பார்க்காமல் இருக்க எவ்வளவோ முயன்றார், ஆனால் மூக்குக்கு முன்னால் நீட்டியதை மனிதன் பார்த்துவிடுகிறான். இரண்டு கோடுகளுக்கும் நடுவில், சுத்தமாக நின்றது.

"சரியாத்தான்..." என்று வாய் தவறிவிட்டது. மைக் இன்னும் உயிரோடு இருந்தது. தெருக்கோடி வரை கேட்டது.

ஷார்கான் பானெட்டை அடித்துச் சாத்தினாள். எங்கள் பெல்ட்டுகளைப் பொறுக்கி மதிலோரம் வைத்தாள். முட்டுக் கற்களை உதைத்து அகற்றிவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் ஏறி, கண்ணாடியை இறக்கினாள்.

"கராஜுக்குள்ள நிறுத்தப் போறேன். காலையில அஞ்சு பேர் பிஷ்கெக் வர்றாங்க."

கேட்டுக்கு நடுவில், நாடாவுக்கும் மேசைக்கும் முன்னால், எசென்கூல் நின்றிருந்தார். அவர் ஓரமாக விலகினார். வண்டி நிற்பதாகத் தெரியவில்லை.